கோயில் யானைக்கு நாம் பட்டிருக்கும் கடன்

கோயில் யானைகளைப் பாகன்கள் பெற்ற பிள்ளையைப்போல வளர்க்கிறார்கள், பக்தர்கள் பழமும் வெல்லமும் ஊட்டுகிறார்கள், கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். இதில் கொடுமை எங்கே இருக்கிறது என்பது உங்கள் முதல் கேள்வி. கொடுமைதான் என்றால் அவற்றையெல்லாம் லாரியில் ஏற்றிக் காட்டில் விட்டுவிட வேண்டியதுதானே என்பது இரண்டாவது கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இவை இரண்டும் எதிரெதிர்க் கட்சிகளின் கேள்விகள். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: அன்பு காட்டினாலோ அவிழ்த்து விட்டாலோ நம் பொறுப்பு தீர்ந்துவிடும் என்ற எண்ணம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஒரு காட்டு விலங்கை அதன் கூட்டத்திலிருந்து பிரித்த நாளில் தொடங்கும் கடமை, அந்த விலங்கு சாகும் நாள்வரை ஒரு நாளும் விடுப்பின்றித் தொடர்வது. யானையைப் பொறுத்தவரை அது அறுபது, எழுபது ஆண்டுகள் நீளக்கூடியது. அத்தனை நீண்ட கடமையைச் சுமக்கும்படி நம் கோயில்களோ அரசுத் துறைகளோ அமைக்கப்படவில்லை என்பதுதான் சிக்கலின் வேர்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். யானை பழக்கப்பட்ட விலங்கே தவிர, மாடு, நாய் போன்ற வளர்ப்பு விலங்கு ஆகாது. மாட்டையும் நாயையும் மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்துத் தங்களோடு வாழ ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். யானையிடம் அந்த மாற்றம் நிகழவே இல்லை. மனிதரிடம் இருக்கும் யானைகளில் பெரும்பாலானவை காட்டில் பிடிக்கப்பட்டவை, அல்லது தாயைப் பிரிந்து கன்றாகக் கிடைத்தவை. வனத்துறை முகாமிலேயே பிறந்த கன்றுகளுக்கும் பெரும்பாலும் தகப்பன் காட்டு ஆண் யானைதான். ஆகவே ராஜகோபுரத்தின் நிழலில் பிறந்ததிலிருந்து நிற்பதுபோலத் தோன்றும் யானையின் உடலும் மனமும் முழுக்க முழுக்கக் காட்டுக்கு உரியவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன், மிக உயர்ந்த பாதுகாப்பைத் தரும் முதலாம் அட்டவணையில் யானை 1977-இல் சேர்க்கப்பட்டபோது, காட்டில் திரியும் யானைக்கும் கோயிலில் கட்டப்பட்ட யானைக்கும் அந்த அட்டவணை வேறுபாடு காட்டவில்லை.

அந்த மனம் எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெண் யானை பிறப்பிலிருந்து இறப்புவரை தாய், பாட்டி, சித்தி, தமக்கை, தங்கை என்ற உறவுக் கூட்டத்தில் வாழ்வது. மூத்த பெண் யானை வழிநடத்த, கன்றை எல்லாப் பெண் யானைகளும் சேர்ந்து காக்கும். ஆண் யானை மட்டும் பருவம் அடைந்த பிறகு கூட்டத்தை விட்டு விலகும். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகர விலங்குக் காட்சிச்சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றிருந்த கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர், காற்றில் ஒருவித அதிர்வை உணர்ந்தார். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வில், மனிதக் காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியில் யானைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது தெரியவந்தது. அந்த ஒலி காட்டில் கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்யக்கூடியது. நம் கோயில்களில் பெரும்பாலும் ஒரே ஒரு பெண் யானைதான் இருக்கிறது. கூட்டத்திலேயே வாழப் பிறந்த பாலினத்தைத் தேர்ந்தெடுத்து, அதைத் தன் இனத்தின் குரலே கேட்காத இடத்தில், ஒலிபெருக்கிக்கும் தவிலுக்கும் நடுவில் பல பத்தாண்டுகள் நிறுத்திவைக்கிறோம். பெண் யானைக்கு மதம் பிடிப்பது அரிது, அதனால் அது பாதுகாப்பானது என்பது மட்டுமே இந்தத் தேர்வுக்குக் காரணம். பாகனின் அன்பு உண்மையானதாகவே இருக்கட்டும். அது இந்த இழப்பை ஈடுசெய்யாது. சங்கிலியும் அங்குசமும் கண்ணுக்குத் தெரிகின்றன, தனிமை தெரிவதில்லை. அதனால்தான் கொடுமை எங்கே என்று நல்லவர்களும் கேட்க நேர்கிறது.

உடலைப் பற்றிப் பேசுவதென்றால் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். யானை உண்மையில் விரல் நுனிகளை ஊன்றி நடக்கும் விலங்கு. பாதத்தின் பின்புறம் கொழுப்பும் நாரும் கலந்த தடித்த மெத்தை ஒன்று உடலின் பளுவைத் தாங்குகிறது. உள்ளங்கால் தோலும் நகங்களும் இடைவிடாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். காட்டில் மண்ணிலும் சரளையிலும் சேற்றிலும் நாளெல்லாம் நடப்பதால் அவை வளரும் அளவுக்குத் தேய்ந்துவிடுகின்றன. கருங்கல் தளத்திலோ சிமெண்டுத் தரையிலோ ஒரே இடத்தில் நிற்கும் யானைக்குத் தேய்மானம் இல்லை. நகம் மிஞ்சி வளர்ந்து வெடிக்கிறது. சிறுநீரும் சாணமும் ஊறிய ஈரத்தில் நிற்பதால் அந்த வெடிப்புக்குள் கிருமி நுழைந்து சீழ் கட்டுகிறது. சீழ் எலும்புவரை இறங்கிவிட்டால் குணப்படுத்துவது மிகக் கடினம். டன் கணக்கான எடையுள்ள உடலைத் தாங்க வேண்டிய கால் என்பதால் ஒரு காலில் வலி வந்தால் பளு மற்ற மூன்று கால்களுக்கு மாறி, மூட்டுகள் தேயத் தொடங்கும். மூட்டுவலி வந்த யானை, படுத்தால் எழ முடியாதோ என்ற அச்சத்தில் படுக்கவே மறுக்கும். நின்றபடியே அரைத்தூக்கம் தூங்கும். உலகெங்கும் காட்சிச்சாலை யானைகளின் உயிரைக் குடிக்கும் காரணங்களில் பாதநோயும் மூட்டுத் தேய்மானமும் முன்வரிசையில் நிற்கின்றன. இத்தனைக்கும் இதைத் தவிர்க்கத் தேவையானவை எளியவை: மண்தரை, சாய்ந்து படுக்க ஒரு மணல்மேடு, தினமும் பாதத்தைக் கழுவிப் பார்த்தல், நகத்தை முறையாக அராவி விடுதல், எல்லாவற்றுக்கும் மேலாக நடை. வீதி வழியே தார்ச்சாலையில் வெயிலில் நடத்திக்கொண்டு போவதை நான் நடையாகக் கருதவில்லை.

காட்டு யானை ஒரு நாளில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாக உணவைத் தேடுவதிலும் தின்பதிலும் செலவிடுகிறது. புல், மூங்கில், மரப்பட்டை, வேர், பழம் எனப் பலவற்றை எட்டிப் பறித்து, பிடுங்கி, மண்ணை உதறித் தின்பதே அதன் அன்றாடத் தொழில். கோயிலில் தென்னை மட்டையும் புல்கட்டும் சோற்றுக் கவளமும் முன்னால் வந்து விழுகின்றன. அவற்றைத் தின்று முடித்த பிறகு மிச்சப் பொழுதுக்கு வேலை எதுவும் இல்லை. அந்த வெறுமையில்தான் யானை முன்னும் பின்னும் அசைய ஆரம்பிக்கிறது, தலையை ஒரே சீராக ஆட்டுகிறது. நாதசுரத்துக்குத் தாளம் போடுகிறது என்று கூடி நின்று ரசிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அடைபட்ட விலங்குகளிடம் மட்டும் காணப்படும் மன உளைச்சலின் அறிகுறி அது. காட்டு யானை அப்படி ஆடுவதில்லை. பக்தர்கள் தரும் வாழைப்பழம், வெல்லம், பொங்கல் ஆகியவையும் தனித்தனியே பார்த்தால் அன்பின் அடையாளங்கள்தாம். ஆனால் நாள் முழுவதும் நூறு பேர் தரும் இனிப்பும் மாவுப்பொருளும் சேர்ந்து, நடையில்லாத உடலில் கொழுப்பாக ஏறுகின்றன, வயிற்று வலியைக் கொண்டுவருகின்றன, ஏற்கெனவே நோவுற்ற கால்களுக்குக் கூடுதல் பளுவாகின்றன. ஆசீர்வாதம் வாங்கத் துதிக்கையின் கீழ் தலையை நீட்டுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. மனிதரைத் தாக்கும் அதே காசநோய்க் கிருமி யானையையும் தாக்கும்; நோய் இரு திசையிலும் பரவக்கூடியது.

நல்லெண்ணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் யானை பார்வதிக்குக் கண்புரை ஏற்பட்டபோது 2022-இல் தாய்லாந்திலிருந்து மருத்துவர்களை வரவழைத்துப் பார்த்தார்கள். அது குளிப்பதற்குக் கோயிலுக்குள் குளமும் கட்டிக்கொடுத்தார்கள். ஆனால் நல்லெண்ணம் பெரும்பாலும் நோய் வந்த பிறகே விழித்துக்கொள்கிறது. 2024 செப்டம்பரில் குன்றக்குடி சண்முகநாதர் கோயில் யானை சுப்புலட்சுமி, தான் கட்டப்பட்டிருந்த கொட்டகையில் தீப்பிடித்துக் காயமுற்று இறந்தது. ஐம்பது வயதைக் கடந்த, ஊரே கொண்டாடிய யானை அது. தீ பரவக்கூடிய கூரையின் கீழ், தானாக ஓட முடியாதபடி ஓர் உயிரைக் கட்டிவைப்பவர் அந்தத் தீக்கும் பொறுப்பாளி ஆகிறார் என்பதை எந்த அன்பும் மாற்றிவிடாது.

பாகனைப் பற்றிப் பேசாமல் யானையைப் பற்றிப் பேசுவது முறையாகாது. தெப்பக்காடு, கோழிகமுத்தி ஆகிய வனத்துறை முகாம்களில் ஒவ்வொரு யானைக்கும் மாவுத்தர் எனப்படும் பாகன் ஒருவர், அவருக்குத் துணையாகக் காவடி எனப்படும் உதவியாளர் ஒருவர் என இருவர் இருப்பது மரபு. மலசர், குறும்பர் போன்ற பழங்குடிக் குடும்பங்களில் இந்த அறிவு தகப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. மாலையில் யானையைக் காட்டுக்குள் மேயவிட்டு, காலையில் தேடிப்போய் அழைத்துவரும் வழக்கமும் அங்கே உண்டு. கோயிலில் உள்ள பாகனுக்கோ பல இடங்களில் சரியான உதவியாளர்கூட இல்லை. திருவிழா நாளில் அவர் உடல்நலம் குன்றினால் மாற்று ஆள் கிடையாது. யானையின் குணத்தை அறிந்தவர் மாற்றலாகியோ ஓய்வுபெற்றோ போய்விட, அதை அறியாத ஒருவர் அந்த இடத்துக்கு வருகிறார். அறிவு குறையும் இடத்தை அச்சம் நிரப்புகிறது. அச்சத்தின் கருவிதான் அங்குசமும் கம்பும். 2021-இல் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் கோயில் யானைகளுக்காக நடந்த புத்துணர்வு முகாமில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதாவைக் கம்பால் அடிக்கும் காணொளி வெளியாகி, பாகன்மீதும் உதவியாளர்மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அடித்தவர்களைத் தண்டித்தது சரி. ஆனால் அவர்களுக்குப் பயிற்சி தந்தது யார், மேற்பார்வை செய்தது யார் என்ற கேள்வி அந்தக் காணொளியோடு மறக்கப்பட்டுவிட்டது.

காட்டில் விட்டுவிடலாமே என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு இப்போது வருகிறேன். அதற்கு மசினி என்ற யானையின் வாழ்க்கையே மிகக் கடுமையான பதிலாக எனக்குத் தோன்றுகிறது. கூட்டத்தைப் பிரிந்த சிறு கன்றாக முதுமலையில் மீட்கப்பட்டு, தெப்பக்காடு முகாமில் வளர்ந்து, பிறகு சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு அளிக்கப்பட்ட பெண் யானை அது. முகாமில் மற்ற யானைகளோடு வளர்ந்த இளம் யானை, கோயிலில் தனியாயிற்று. 2018 மே மாதம் கோயிலுக்குள்ளேயே, பக்தர்கள் கண்முன், தன் பாகனைக் கொன்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் 2019-இல் தெப்பக்காட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வளர்ந்த இடத்துக்கே வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நம்பினார்கள். 2023 ஏப்ரலில் அங்கேயும், அனுபவம் மிக்க ஒரு பாகன் அதன் தாக்குதலில் உயிரிழந்தார். இரண்டு குடும்பங்கள் தங்கள் ஆதாரத்தை இழந்தன. மசினியைக் கொலைகார யானை என்று எழுதியவர்கள் உண்டு; அப்படிச் சொல்லி நம் கணக்கை முடித்துவிட முடியாது. கன்றாக இருந்தபோது ஒரு முடிவு, கோயிலுக்குத் தந்தபோது ஒரு முடிவு, திருப்பி அனுப்பியபோது ஒரு முடிவு என எல்லாமே நாம் எடுத்தவை. முதல் இரண்டில் நேர்ந்த சேதத்தை மூன்றாவதால் அழிக்க முடியவில்லை. இடத்தை மாற்றினால் உடல் இடம் மாறும். மனித வாசனையோடும் மனித அச்சத்தோடும் உருவான மனம் அவ்வளவு எளிதில் மாறாது.

பல்லாண்டு கட்டிவைத்த யானையைக் காட்டில் அவிழ்த்துவிட்டால் அது பெரும்பாலும் மனிதர் வாழும் இடத்தைத் தேடித்தான் வரும். வாழைத்தோட்டமும் ரேஷன் கடையும் அதற்குப் பழகிய உணவின் இடங்கள். மனிதரைக் கண்டு ஒதுங்கும் பழக்கமும் அதனிடம் இராது. காட்டுக் கூட்டங்கள் அந்நிய யானையை உடனே சேர்த்துக்கொள்வதும் அரிது. அதனிடம் காசநோய் இருந்தால் காட்டுக்கே அதைக் கொண்டுசேர்த்தவர்கள் ஆவோம். வெற்றிகரமான விடுதலைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் இலங்கையின் உடவளவையில் 1995-இல் தொடங்கப்பட்ட யானைக் கன்றுகள் காப்பகத்தைப் பார்க்க வேண்டும். தாயை இழந்த கன்றுகளை அங்கே கூட்டமாகவே வளர்க்கிறார்கள். பாலூட்டும் வேளை தவிர மனிதத் தொடர்பை இயன்றவரை தவிர்க்கிறார்கள். பெயர் சொல்லிக் கொஞ்சுவதோ பார்வையாளர் தொட்டுப் பார்ப்பதோ கிடையாது. ஏறக்குறைய ஐந்து வயதில் குழுவாகத் தேசியப் பூங்காக்களில் விடுகிறார்கள். நூறுக்கும் மேற்பட்ட யானைகள் இப்படிக் காட்டுக்குத் திரும்பியுள்ளன. அங்கே விடுதலை என்பது முதல் நாளிலேயே திட்டமிடப்படுவது. நாமோ கன்றைத் தொட்டுத் தடவி, புட்டிப்பால் கொடுத்து, படமெடுத்து, பழக்கி, பரிசாகக் கொடுத்துவிட்டு, முப்பது ஆண்டு கழித்துக் காட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

காட்டுக்கும் யானை கட்டும் கொட்டாரத்துக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கோயில் யானைகளுக்கு இனி ஏற்ற வழி அதுதான் என்பது என் உறுதியான கருத்து. 1985-இல் இலங்கை அரசு பாகிஸ்தானுக்குப் பரிசளித்த காவன் என்ற ஆண் யானை, இஸ்லாமாபாத் காட்சிச்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தது. அதன் துணையான சகேலி 2012-இல் இறந்தபின் காவன் தனியாகவே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தது. 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அதைத் தகுந்த சரணாலயத்துக்கு மாற்ற உத்தரவிட, அவ்வாண்டு நவம்பர் இறுதியில் விமானத்தில் கம்போடியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தாய்லாந்து அரச குடும்பம் 2001-இல் இலங்கைக்குத் தந்த முத்துராஜா என்ற யானை, அளுத்கமை அருகே ஒரு புத்த விகாரையில் வளர்ந்தது. முன்னங்கால் மடக்க முடியாத நிலைக்கு வந்ததை விலங்கு நல ஆர்வலர்கள் வெளிக்கொணர்ந்த பின்னர், 2023 ஜூலை 2-ஆம் நாள் தாய்லாந்தே அதைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பரிசு கொடுத்த பிறகும் கொடுத்தவருக்குப் பொறுப்பு உண்டு என்று ஒரு நாடு செயலால் ஒப்புக்கொண்ட அரிய நிகழ்வு இது. நம் பக்கத்தில் திருச்சி அருகே எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை யானைகள் மறுவாழ்வு மையம் நடத்துகிறது. காவன் காட்டு யானை ஆகிவிடவில்லை, எம்.ஆர். பாளையத்து யானைகளும் ஆகப்போவதில்லை. மண்ணில் நடப்பது, புழுதியை வாரி மேலே போட்டுக்கொள்வது, இன்னொரு யானையின் பக்கத்தில் நிற்பதா விலகுவதா என்று தானே முடிவு செய்வது ஆகியவை அவற்றுக்குத் திரும்பக் கிடைக்கின்றன.

தமிழ்நாடு அரசே இதன் தேவையை 2003-இல் ஒப்புக்கொண்டது என்று நான் கருதுகிறேன். அவ்வாண்டு தெப்பக்காட்டில் தொடங்கி, பிற்பாடு தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் நடந்த 48 நாள் புத்துணர்வு முகாம்களின் பொருள் வேறென்ன? யானைக்குத் துணை வேண்டும், ஆறு வேண்டும், நடை வேண்டும் என்பதுதானே? நாற்பத்தெட்டு நாளுக்கு வேண்டியது மற்ற முந்நூற்றுச் சொச்ச நாள்களுக்கு வேண்டாமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அந்த முகாமில் பழகிய தோழிகளைப் பிரித்து மறுபடியும் லாரியில் ஏற்றியதையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வன உயிரினச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, விலங்கை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று கொடுக்கும் முன், விலங்கைத் தங்கவைக்கவும் பராமரிக்கவும் போதுமான வசதி உள்ளதா என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்த ஒரு பிரிவை உள்ளபடி நிறைவேற்றினாலே கல்மண்டபத்தில் தனியே நிற்கும் யானைகளில் எத்தனைக்குச் சான்று கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மத்திய விலங்குக் காட்சிச்சாலை ஆணையம் 2009-இலேயே காட்சிச்சாலைகளில் யானை கூடாது, முகாம்களுக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டது. காட்சிச்சாலையின் பல ஏக்கர் நிலமே போதாது என்று முடிவுசெய்த நாட்டில் கோயில் மண்டபம் எப்படிப் போதும்? 2022-இல் வந்த திருத்தம், உரிமைச் சான்று உள்ளவர் சமய நோக்கத்துக்கோ வேறு எந்த நோக்கத்துக்கோ யானையை இடம் மாற்ற வழி திறந்துவிட்டது. இதை நான் பின்னடைவாகவே பார்க்கிறேன். மறுபுறம், 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இனிக் கோயில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் காட்சிச்சாலையில் இருந்த ஹாப்பி என்ற யானையைச் சட்டத்தின் கண்ணில் ஒரு நபராகக் கருதி விடுவிக்க வேண்டும் என்ற வழக்கை அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. யானை நபரா இல்லையா என்ற வாதம் அறிஞர்களுக்கு உரியது. கட்டிவைத்தவருக்குக் கடமை உண்டு என்பதற்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயிர்களிடம் பரிவு காட்டுவதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக நம் அரசமைப்பின் 51அ பிரிவு ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். முதலாவது, இனி ஒரு யானையைக்கூடப் புதிதாகக் கோயிலுக்குக் கொண்டுவரக் கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. யானை இல்லாமல் விழாவின் அழகு குறையும் என்போருக்கு, திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில் 2023-இல் இயந்திர யானையை ஏற்றுக்கொண்டு விழா நடத்தியதைச் சொல்வேன். அது பலருக்கு மனநிறைவு தராது என்பதும் எனக்குத் தெரியும்; மனநிறைவின்மையைத் தாங்கிக்கொள்வது நம்மால் முடியும், அறுபது ஆண்டுத் தனிமையைத் தாங்க யானையால் முடியாது. இரண்டாவது, இப்போது உயிரோடு இருக்கும் யானைகளை இரண்டிரண்டாகவேனும் சேர்த்து வைப்பது. ஒவ்வொரு மண்டலத்திலும் பல கோயில்களின் யானைகள் ஒன்றாக வாழும்படி, மரமும் நீர்நிலையும் உள்ள நிலம் வேண்டும். பல கோயில்களுக்குச் சொந்தமாக நிலம் இருக்கிறது என்பதால் இது நடக்காத காரியமன்று. யானை அந்தந்தக் கோயிலின் யானையாகவே இருக்கட்டும், பக்தர்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்து வணங்கட்டும். முதிய யானைகள் சிலவற்றுக்கு இடமாற்றமே துன்பமாகலாம். அவற்றை இருக்கும் ஊரிலேயே மண்தரைக்கு மாற்றி, பழகிய பாகனையே வைத்துக்கொள்வது மேல். எது எந்த யானைக்குப் பொருந்தும் என்பதை யானை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அறங்காவலர் குழுவோ ஊர்ப்பெருமையோ அதை முடிவுசெய்யக் கூடாது.

ஒரு கோயிலில் யானை இறந்தால், அடுத்த வாரமே புதிய யானை வாங்கித்தர நன்கொடையாளர் முன்வருவதும் ஊரார் மனுக் கொடுப்பதும் நடக்கின்றன. 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இறந்தபோது திருநெல்வேலி மக்கள் அழுததை நான் மதிக்கிறேன். அந்தத் துயரம் உண்மையானது. அப்படி நன்கொடை தர விரும்புகிறவர் யாரையேனும் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தப் பணத்தை இப்போது உள்ள ஏதேனும் ஒரு யானையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்லுங்கள். அதன் வட்டியிலிருந்து தீவனமும் மருத்துவரும் மண்தரையும், ஒருவருக்கு இருவராகப் பயிற்சி பெற்ற பாகன்களும், அவர்களுக்கு விபத்துக் காப்பீடும் கிடைக்கும்படி பத்திரத்திலேயே எழுதட்டும்; யானை இறந்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்ட பாகனின் ஓய்வூதியம் நிற்காதபடி ஒரு வரியையும் சேர்த்து எழுதட்டும்.